மரச்செக்கு போட எவ்வளவு ஆகும்? உரிமம், முதலீடு: கேள்வி பதில்

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, அதைச் சொந்தச் செக்கில் ஆட்டி விற்கிறேன். செக்கு போட நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இங்கே.

அண்ணா, ஒரே ஒரு செக்குதான். எல்லா லைசென்ஸும் எடுத்துத் தர ஏஜென்ட் 15 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (செஞ்சி)

வேண்டாம் தம்பி. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே முடிக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். பாட்டிலில் அடைத்து விற்பதால் எடையளவுச் சட்டத்தில் பொட்டலமிடுபவராகப் பதிய 500 ரூபாய். தராசுக்கு முத்திரை, ஊராட்சியில் தொழில் உரிமம், இவ்வளவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை மறந்துவிடாதீர்கள். 2016 பட்டியலில் எண்ணெய்ச் செக்கு, மாசு குறைந்த பச்சை வகையில் வருகிறது. மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டடத்தில் கை வையுங்கள்.

அந்த 100 ரூபாய்ப் பதிவே கடைசிவரை போதுமா சார்? (விருத்தாசலம்)

இங்கேதான் பலர் கணக்குப் போடுவதில்லை. 2011 ஒழுங்குமுறை வந்தபோது பதிவுக்கான வரம்பு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம், உற்பத்தி நாளுக்கு 100 லிட்டர் என்று இருந்தது; இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். 100 லிட்டரை ஒற்றைச் செக்கு எட்டவே எட்டாது. ஆனால் லிட்டர் 350 ரூபாய்க்கு விற்றால் சுமார் 3,400 லிட்டரிலேயே 12 லட்சம் வந்துவிடும். அதாவது நாளுக்குப் பத்து லிட்டர்கூட இல்லை. வியாபாரம் சூடுபிடித்து வரம்பைத் தாண்டினால் லைசென்ஸுக்கு மாறியாக வேண்டும், கட்டணமும் ஆயிரக்கணக்கில் போகும். பாட்டிலில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் 2-இல் தொடங்கினால் பதிவு, 1-இல் தொடங்கினால் லைசென்ஸ். விவரம் தெரிந்த கடைக்காரர் அதைப் பார்த்தே உங்கள் அளவைச் சொல்லிவிடுவார்.

கிணற்று மோட்டாரின் இலவச கரண்டிலேயே செக்கை ஓட்டிக்கொள்ளலாமா? (போளூர்)

கூடாது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. பிடித்தால் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குச் சேர்த்துப் போடுவார்கள். தனி இணைப்பு வாங்குங்கள்.

அண்ணே, மொத்த முதலீடு எவ்வளவு வேண்டும்? மெஷின் இரண்டு லட்சம் என்கிறார்கள். (கள்ளக்குறிச்சி)

மெஷினை விடுங்கள், மல்லாட்டைப் பருப்பைப் பாருங்கள். செக்கில் ஒருமுறை போட்டு ஆட்ட 12 கிலோ, நாளுக்கு ஐந்து முறை என்றால் 60 கிலோ. மாதம் 25 நாள் ஓட்டினால் 1,500 கிலோ. பருப்பு கிலோ 120 என்று வைத்தாலும் மாதம் 1.8 லட்சம். அறுவடை சமயத்தில் விலை இறங்கும்போது மூன்று மாதச் சரக்கு வாங்கிப் போடாவிட்டால், பிறகு ஏறின விலைக்கு வாங்கி நஷ்டத்துக்கு ஆட்டுவீர்கள். ஆக 5.4 லட்சம் மூட்டையாகவே தூங்கும். சரியாகக் காயாத மூட்டையில் பூஞ்சை வேறு பிடிக்கும்.

லிட்டர் கணக்கும் சொல்கிறேன். நூற்றுக்கு நாற்பது எண்ணெய் கண்டால், 910 கிராம் உள்ள ஒரு லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ பருப்பு, 275 ரூபாய். புண்ணாக்கில் ஐம்பது ரூபாய் திரும்பும். கூலி, கரண்ட், பாட்டில், லேபிள் அதைத் தின்றுவிடும். 350-க்கு விற்றால் 75 நிற்கும். கடைக்குக் கமிஷன் கொடுத்துக் கடனுக்கும் போட்டால் அதுவும் நிற்காது. முதல் வருஷம் வீட்டு வாடிக்கையை மட்டும் பிடியுங்கள் என்பது என் கருத்து.

மானியத்தை நம்பி இறங்கலாமா அண்ணா? நாங்கள் மகளிர் குழு. (வந்தவாசி)

நம்பி இறங்காதீர்கள்மா, வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். பத்து சதவீதமாவது கைப்பணம் போடணும், மீதி வங்கிக் கடன். மானியம் கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் கிடந்து, மூன்று வருஷம் தவணை தவறாமல் கட்டினால்தான் கடனில் கழியும். குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 வரை தொடக்க மூலதனம் என்றொரு பிரிவும் அதில் உண்டு, திட்டம் இப்போதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

வாளியோடு வருகிறவர்களுக்கு அளந்து ஊற்றலாமா? (மரக்காணம்)

சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கத் தடை இருக்கிறது, மூடி முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் பருப்பைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது வேறு.

பெங்களூருக்குக் கூரியர் போட ஜிஎஸ்டி வேண்டுமா? (ஆரணி)

வேண்டும். உள்ளூரில் விற்றால் 40 லட்சம் வரை விலக்கு. மாநில எல்லை தாண்டினால் முதல் பாட்டிலுக்கே எண் வேண்டும். எண்ணெய்க்கு 5 சதவீதம்.