ஓர் உற்பத்தி நிறுவனம் தன் பசுமை இல்ல வாயு உமிழ்வை எவ்வாறு குறைக்கலாம்?

சிமெண்ட் ஆலைக்குச் சொல்லும் பதில் பனியன் கம்பெனிக்குப் பொருந்தாது. ஆகவே, எரிசக்தித் தணிக்கைக்காக நான் சென்றுவரும் கோவைப் பகுதி பவுண்டரிகளை, அதாவது பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்ப்படம் செய்து தரும் ஆலைகளை வைத்தே பதில் சொல்கிறேன்.

இத்தகைய ஆலையில் மின்கட்டணத்தின் பெரும்பகுதி இன்டக்‌ஷன் பர்னஸுக்கே, அதாவது மின்சாரத்தால் இரும்பை உருக்கும் உலைக்கே போகிறது. ஒரு டன் இரும்பை உருக்க ஏறக்குறைய 600 யூனிட் தேவை. நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால், அது 420 கிலோ உமிழ்வு. ஆனால் உருக்கிய இரும்பெல்லாம் லாரி ஏறுவதில்லை. அச்சுக்குள் இரும்பு ஓடிவரும் வழியிலும் (ரன்னர்), வார்ப்படம் சுருங்கும்போது ஈடுகொடுக்கும் இருப்பிலும் (ரைசர்) உறைந்து, பின்னர் வெட்டி எடுக்கப்படுவதும், காற்றுத்துளை விழுந்து ரிஜெக்ட் ஆவதும் மறுபடி உலைக்கே திரும்புகின்றன. 100 கிலோ உருக்கி 60 கிலோ நல்ல வார்ப்படம் தேறும் ஆலையில், ஒரு டன் நல்ல வார்ப்படத்துக்கு 1,000 யூனிட், அதாவது 700 கிலோ உமிழ்வு ஆகிறது. அந்த 60ஐ 66 ஆக உயர்த்தினால் உமிழ்வு 636 கிலோவாகக் குறைகிறது. இதற்குப் புதிய உலை வேண்டியதில்லை. அச்சு மணலின் ஈரத்தை ஷிப்டுதோறும் சோதிப்பதும், ரைசரின் அளவைக் கணினியில் பார்த்துத் திருத்துவதுமே பெரும்பாலும் போதும். உமிழ்வைக் குறைக்கும் பொறுப்பைச் சுற்றுச்சூழல் அலுவலரிடம் மட்டும் விட்டுவிடாமல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது காத்திருப்பு. மோல்டிங் பகுதியில் மணல் அச்சுகள் தயாராகாததால், அல்லது ஆய்வகத்திலிருந்து கார்பன், சிலிக்கான் அளவு வந்து சேராததால், உருகிய இரும்பு 1,450 டிகிரிக்கு மேல் மூடியில்லாத உலையில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் மின்சாரம் வெறும் வெப்பமாகக் கூரைக்குப் போகிறது. மூடி இருந்தும் அதை ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கும் ஆலைகளே நான் அதிகம் பார்த்தவை.

இயந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸரை விடுமுறை நாளில் சோதியுங்கள். எந்த இயந்திரமும் ஓடாதபோது அதை மட்டும் இயக்கி, எவ்வளவு நேரம் லோடில், அதாவது காற்றை அழுத்தும் நிலையில் ஓடுகிறது என்று குறித்தால் கசிவு தெரிந்துவிடும். பராமரிப்பு சரியில்லாத இடங்களில் அது கால் பங்கைத் தொடுவதுண்டு. அழுத்தத்தை 1 பார் குறைத்தால் கம்ப்ரஸரின் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் குறையும்.

இவற்றுக்குப் பிறகுதான் சூரிய மின்சாரம். கூரையில் 100 கிலோவாட் அமைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 400 யூனிட் கிடைக்கும்; நாளுக்கு 10 டன் உருக்கும் ஆலைக்கு உலைக்கு மட்டுமே 6,000 யூனிட் தேவை. அமைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூரை மட்டும் கணக்கைத் தீர்க்காது. கொங்கு வட்டாரத்து நூற்பாலைகள் பல நெடுங்காலமாகச் செய்துவருவதுபோலக் காற்றாலையில் முதலிடலாம். தனித்து இயலாதவர்கள், பயன்படுத்துவோர் நிலையத்தில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருந்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தையாவது பயன்படுத்த வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு விதிக்கு உட்பட்டுக் கூட்டாகச் சொந்த உற்பத்தி நிலையம் அமைக்கலாம்.

வாங்கும் மூலப்பொருளையும் மறக்கக்கூடாது. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் கச்சா இரும்பான பிக் அயர்ன், ஆலைக்குள் நுழையும்போதே டன்னுக்கு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட உமிழ்வைச் சுமந்து வருகிறது. அதன் பங்கைக் குறைத்து, ஸ்டீல் ஸ்கிராப்பையும் கார்பன் சேர்மானத்தையும் கூட்டினால், உலையில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய குறைப்பு இங்கேயே கிடைக்கலாம். துருவும் எண்ணெயும் ஏறிய ஸ்கிராப் கசடையும் மின்செலவையும் கூட்டும் என்பதால், அதைச் சுத்தம் செய்தே உலையில் போட வேண்டும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்பவராக இருந்தால், அங்கே எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகுப் பொருள்கள் பலவும் அதில் அடங்குகின்றன, எல்லாமும் அல்ல. உங்கள் பொருளின் சுங்கக் குறியீடு பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் உலைக்குத் தனி மீட்டர் பொருத்தி, டன் வாரியாகப் பதிவேடு எழுதத் தொடங்குங்கள்.