சேப்பாக்கத்தில் ஒரே ஒரு டெஸ்ட்

கேள்வி: 2024இல் சேப்பாக்கத்தில் நடந்த பெண்கள் டெஸ்டில் இந்தியா 603 ரன் குவித்து, தென் ஆப்பிரிக்காவைப் பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இப்படி ஒருதலைப்பட்சமாக முடியும் ஆட்டத்துக்கு நான்கு நாள்களைச் செலவிடுவானேன்? பெண்கள் அணிகளின் சுற்றுப்பயணங்களை ஒருநாள், டி20 போட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாமே? (வாசகர், திருச்சி)

பதில்: கூடாது. அதே சுற்றுப்பயணத்தில் பெங்களூருவில் நடந்த மூன்று ஒருநாள் போட்டிகளையும் இந்தியாவே வென்றது; முதலாவதில் வித்தியாசம் 143 ரன். அதைக் கண்டு ஒருநாள் போட்டிகளை நிறுத்துங்கள் என்று யாரும் எழுதவில்லை. டெஸ்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

ஷஃபாலி வர்மா 194 பந்துகளில் இரட்டைச் சதத்தை எட்டியதையும், அவரும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன் சேர்த்ததையும், ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட் வீழ்த்தியதையும் நீங்கள் ரசித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 266 ரன்னுக்குச் சுருண்டு ஃபாலோ ஆன் பெற்ற (அதாவது, மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடியும் மட்டை பிடிக்க வேண்டியிருந்த) தென் ஆப்பிரிக்க அணி, லாரா வோல்வார்ட் 314 பந்துகள் நின்று எடுத்த 122 ரன்னாலும் சுனே லூஸின் 109 ரன்னாலும் 373 வரை போய், நான்காம் நாளில் இந்தியாவை மறுபடியும் மட்டை பிடிக்க வைத்தது. இத்தனைக்கும் 2014இல் மைசூருவில் இந்தியாவுடன் ஆடிய பின், சேப்பாக்கத்துக்கு வரும்வரை தென் ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள்: 2022இல் டான்டனில் ஒன்று, 2024 பிப்ரவரியில் பெர்த்தில் ஒன்று. பயிற்சிக்கே வாய்ப்புத் தராமல், சமமாக ஆடவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

நம் அணிக்கும் பெரிதாக எதுவும் வாரி வழங்கப்படவில்லை. அந்த மைசூரு டெஸ்டுக்குப் பின் 2021 ஜூனில் பிரிஸ்டலில் இறங்கும்வரை இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 2002இல் இங்கிலாந்து மண்ணில் 214 ரன் எடுத்த மிதாலி ராஜ், 1999 முதல் 2022 வரை நீண்ட தம் ஆட்ட வாழ்வில் ஆடிய டெஸ்டுகள் வெறும் 12. இவ்வளவுக்கும் 1976இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கு வந்தபோது, பணமும் விளம்பரமும் இல்லாத அந்தக் காலத்தில், ஒரே தொடரில் ஆறு டெஸ்டுகள் நடந்தன. அவற்றில் ஒன்று சென்னையில். இன்று, உலகிலேயே செல்வம் மிகுந்த கிரிக்கெட் வாரியம் நம்முடையது என்ற நிலையில், ஒரு சுற்றுப்பயணத்துக்கு ஒரு டெஸ்ட் என்பதே பெரிய சலுகையாகப் பேசப்படுகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் டெஸ்ட் ஒன்றுக்கு 15 லட்சம் ரூபாய் என்று சம ஊதியத்தை வாரியம் 2022 அக்டோபரில் அறிவித்தபோது மனமார வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் ஊதியம் ஆட்டத்துக்கு என்று கணக்கிடப்படும்போது, ஆண்டு முழுவதும் டெஸ்ட் ஆடும் ஆணும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ ஆடும் பெண்ணும் வீட்டுக்குக் கொண்டுபோகும் தொகை எப்படிச் சமமாகும்?

உள்நாட்டில் பெண்களுக்கான பல நாள் போட்டியும் 2018க்குப் பிறகு நின்றுபோய், 2024இல்தான் மண்டல அணிகளுக்கிடையே புணேயில் மீண்டும் தொடங்கியது. அதை ஆண்டு தவறாமல் நடத்தி, மாநில அளவுக்கும் விரித்து, வெளிநாட்டு அணி வரும்போது குறைந்தது மூன்று டெஸ்டுகளாவது, அதுவும் நான்கு நாள்களுக்குப் பதில் ஐந்து நாள்களாக, வைக்க வேண்டும். இதை வாரியத்திடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.