மிர்ரா ஆண்ட்ரீவா பத்தி கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். 20 வருஷமா பெண்கள் டென்னிஸ் விடாம பாக்கறேன், சின்னப் பசங்களுக்குக் கோச்சிங்கும் குடுக்கறேன். மிர்ரா பத்திக் கேள்வி நிறைய வந்திருக்கு, ஒவ்வொண்ணா வர்றேன்.

அக்கா, நான் இப்பதான் டென்னிஸ் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். யாரு இந்தப் பொண்ணு?

சைபீரியால க்ராஸ்னயார்ஸ்க்னு ஒரு ஊர், 2007 ஏப்ரல் 29 அங்கதான் பொறந்தா. 2005 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல ரஷ்ய வீரர் மராட் சாஃபின் ஆடினதைப் பாத்து இவங்க அம்மாவுக்கு டென்னிஸ் மேல ஒரே ஆசை, பிள்ளைங்களை இதுலதான் விடணும்னு தோணிடுச்சு. அப்ப மூத்தவ எரிகா கைக்குழந்தை, மிர்ரா பொறக்கவே இல்ல! அப்புறம் பயிற்சிக்காக சோச்சி, மாஸ்கோ, அங்கிருந்து ஃபிரான்ஸ்ல கான் நகரம்னு குடும்பமே இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு.

மேடம், நீங்க முதல்ல எப்ப கவனிச்சீங்க?

2023 ஜனவரி, ஆஸ்திரேலியன் ஓப்பன் ஜூனியர் ஃபைனல். இன்னொரு ரஷ்யப் பொண்ணு அலினா கோர்னீவாகிட்ட மூணு மணி நேரத்துக்கு மேல ஆடித் தோத்தா, 15 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரு பாயிண்ட்டைக் கூட சும்மா விடல, நான் எழுந்து தண்ணி குடிக்கக்கூட போகல. சரியா மூணு மாசம் கழிச்சு மாட்ரிட்ல இவளுக்கு வைல்ட் கார்டு (ரேங்க் பத்தாட்டியும் போட்டி நடத்தறவங்க குடுக்கற நேரடி இடம்) கிடைச்சுது, ரேங்க் 194, யூ.எஸ். ஓப்பன் ஃபைனல் ஆடின லெய்லா ஃபெர்னாண்டஸ் அவுட், ஹடாட் மாயா அவுட், அப்புறம் தன்னோட 16வது பிறந்தநாள் அன்னிக்கே மக்டா லினெட்டும் அவுட். அடுத்து பெலாரஸ் வீராங்கனை சபலெங்கா வந்து நிறுத்தினா. அந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வருது.

என் பொண்ணுக்கு 14 வயசு, மாசம் ரெண்டு டோர்னமெண்ட் கூட்டிட்டுப் போறேன். மிர்ரா மாதிரி வரணும்னா இன்னும் ஏத்தணுமா சார்?

நான் சார் இல்லைங்க, அக்கான்னே கூப்பிடுங்க. ஏத்தாதீங்க, தயவுசெஞ்சு. ப்ரோ லெவல்லயே டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் டூரை நடத்தற அமைப்பு) ஒரு வயசு வரம்பு வெச்சிருக்கு, 14 வயசுன்னா வருஷத்துக்கு 8 டோர்னமெண்ட், 15னா 10, 16னா 12, 17னா 16, நல்லா ஆடினா கொஞ்சம் கூடக் கிடைக்கும், 18 ஆனாதான் கட்டுப்பாடு போகும். 1990ல அமெரிக்காவோட ஜெனிஃபர் காப்ரியாட்டி 13 வயசுல ப்ரோ ஆகி, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு பட்ட பாட்டைப் பாத்துதான் 90கள் நடுவுல இதை இறுக்கினாங்க. மிர்ரா இந்த வரம்புக்குள்ளயே ஆடி 2023 முடியறப்ப டாப் 50க்குள்ள வந்துட்டா. கம்மியா ஆடினதாலதான் ஒவ்வொரு தோல்விக்கு அப்புறமும் உக்காந்து சரி பண்ண அவளுக்கு நேரம் இருந்துச்சுன்னு நான் நம்பறேன். 2022ல நம்ம சென்னை ஓப்பன்ல 17 வயசுல கப் தூக்கின லிண்டா ஃப்ருவிர்டோவா ஞாபகம் இருக்கா, அவ்ளோ திறமை, ஆனா அப்புறம் டாப் 100ஐ விட்டே வெளிய போயிட்டா. சின்ன வயசுல ஜெயிச்சா மேல மேல போயிட்டே இருப்பாங்கன்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. பொண்ணை வாரக்கடைசில சும்மா விளையாட விடுங்க.

கோவக்காரின்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், மறைக்க ஒண்ணும் இல்ல. 2023 விம்பிள்டன்ல குவாலிஃபையிங் ஆடி உள்ள வந்து நாலாவது ரவுண்டுல மேடிசன் கீஸ்கூட மேட்ச், முதல் செட் 6-3 எடுத்தாச்சு, ரெண்டாவதுல 4-1 லீடு, அதை விட்டுட்டா. டைபிரேக் போனதும் ராக்கெட்டை வீசினா, வார்னிங். கடைசி செட்ல 2-5, அந்த கேம்ல டியூஸ் (40-40), வழுக்கி விழறா, ராக்கெட் கைய விட்டு புல்லுல சறுக்கிட்டுப் போகுது. அம்பயர் பெனால்டி பாயிண்ட் குடுத்துட்டாங்க, கீஸுக்கு மேட்ச் பாயிண்ட். நான் வீசல, வழுக்கிடுச்சுன்னு சொல்லிப் பாத்தா, எடுபடல, முடிஞ்சதும் அம்பயருக்குக் கைகூடக் குடுக்கல. எனக்கு அந்த ரெண்டாவது முறை அவ வேணும்னே பண்ணின மாதிரி தெரியல, ஆனா முதல் தடவை வீசினது தப்புதான், அதனாலதான் ரெண்டாவது அவ்ளோ காஸ்ட்லியா போச்சு.

இப்ப ஆறு மாசம் தள்ளி வாங்க. 2024 ஆஸ்திரேலியன் ஓப்பன், ஒன்ஸ் ஜபேரை 6-0, 6-2ன்னு அனுப்பிட்டு அடுத்த ரவுண்டு டயான் பாரிகூட மூணாவது செட்ல 1-5 பின்னாடி, மேட்ச் பாயிண்ட் வேற காப்பாத்தி ஜெயிச்சா! அதே பொண்ணு, அதே கோவம், ஆனா இந்தத் தடவை கடைசி பந்து வரைக்கும் ஆட்டத்தை விடல.

கொன்சிட்டா மார்ட்டினஸ் வந்து என்ன மாத்தினாங்க?

2024 ஏப்ரல்ல மிர்ராவுக்குக் கோச்சா சேர்ந்தாங்க. 1994 விம்பிள்டன் ஃபைனல்ல நவரத்திலோவாவைத் தோக்கடிச்சவங்க, சுழல், ஸ்லைஸ், பந்தோட வேகத்தை மாத்தறது இதெல்லாம் அவங்களுக்குக் கைவந்த கலை. மிர்ராவோட பேக்ஹேண்ட் டவுன் த லைன் (கோட்டோரமா நேரா அடிக்கறது) முன்னாடியே அருமையா இருக்கும், எதிராளி எங்க அடிக்கப் போறான்னு படிக்கற மூளையும் இருந்துச்சு, சர்வீஸ்தான் இடிச்சுது. 2025ல முதல் சர்வ்ல வந்த பவரைப் பாத்தா வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பாங்க, டீன்ஏஜ் பொண்ணுக்கு அது ரொம்ப முக்கியம். சேர்ந்து ரெண்டே மாசத்துல ஃபிரெஞ்ச் ஓப்பன் செமி ஃபைனல், 1997ல ஹிங்கிஸுக்கு அப்புறம் இவ்ளோ சின்ன வயசுல கிராண்ட் ஸ்லாம் (வருஷத்தோட நாலு பெரிய போட்டிகள்) செமி வந்தது இவதான். அதுக்கு முன்னாடி குவார்ட்டர் ஃபைனல்ல இவகிட்ட தோத்த சபலெங்காவுக்கு உடம்பு சரியில்ல, அதையும் சொல்லிடணும். பாரிஸ் ஒலிம்பிக்ல டயானா ஷ்னைடரோட டபுள்ஸ் வெள்ளி வேற. கோச்சுக்கும் ஒலிம்பிக் டபுள்ஸ்ல மூணு மெடல் இருக்கு!

மெடல் வாங்கறப்ப ரஷ்யக் கொடி இல்லையே, ஏன்?

உக்ரைன் போர். 2022 மார்ச்ல இருந்து டூர்ல ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் நாட்டோட பேரும் கொடியும் இல்லாமதான் ஆடறாங்க, ஒலிம்பிக்லயும் நடுநிலை வீரர்களாதான் போனாங்க. 2022ல விம்பிள்டன் அவங்களை உள்ளயே விடல, 2023லதான் திறந்தாங்க, மிர்ராவுக்கு அது முதல் வருஷம்.

அக்காவும் தங்கச்சியும் மோதியிருக்காங்களா?

2024 அக்டோபர், வூஹான். எரிகா 6-3, 6-1ன்னு ஜெயிச்சா. பாசம் தடுமாற வைக்கும்ல, என்ன பண்றது.

2025ல துபாய், இந்தியன் வெல்ஸ்னு ரெண்டு கப் ஜெயிச்சது லக்குன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

துபாய்ல வொண்ட்ரூசோவா, ஸ்வியாடெக், ரிபாகினா, மூணு கிராண்ட் ஸ்லாம் சாம்பியன்களைத் தாண்டி, ஃபைனல்ல டௌசனைத் தோக்கடிச்சு 17 வயசுல டபிள்யூ.டி.ஏ. 1000 (கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த பெரிய லெவல்) கப் எடுத்தா, 2009ல அந்த லெவல் ஆரம்பிச்சதுல இருந்து இவதான் சின்னவ, டாப் 10க்குள்ளயும் அதுக்கப்புறம்தான் வந்தா. இதுல லக் எங்க இருக்கு? 2025 ஜனவரில சபலெங்கா பிரிஸ்பேன்ல ஒரு தடவை, மெல்போர்ன்ல ஒரு தடவை நசுக்கினா, மெல்போர்ன் ஸ்கோர் 6-1, 6-2. மார்ச்ல இந்தியன் வெல்ஸ் ஃபைனல், அதே சபலெங்கா, முதல் செட் 2-6 போச்சு, ஆனா 6-4, 6-3ன்னு திருப்பிட்டா. ரெண்டு மாசத்துல!

அப்புறம் ஏன் ஸ்லாம் வரல?

வரும்ங்க. 2025 ஃபிரெஞ்ச் ஓப்பன் குவார்ட்டர்ல ரேங்க் 361ல இருந்த லோயிஸ் புவாஸோன்கிட்ட தோத்தா, கூட்டம் மொத்தமும் அந்த ஃபிரெஞ்சுப் பொண்ணு பக்கம், இவ நிதானம் போய் பந்தை கேலரிக்குள்ள அடிச்சா, எனக்கு 2023 விம்பிள்டன்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, வயிறு கலங்கிடுச்சு. அடுத்த மாசம் விம்பிள்டன் குவார்ட்டர்ல பென்சிச்கிட்ட ரெண்டு டைபிரேக், ரெண்டும் போச்சு. ஆனா அன்னிக்கு ராக்கெட் கையிலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் 2025 ஜூலைல ரேங்க் 5க்கு வந்தா.

ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது அக்கா?

இந்தியன் வெல்ஸ் ஃபைனல். நேரம் கம்மின்னா முதல் செட்டை விட்டுட்டு ரெண்டாவதுல இருந்து பாருங்க, சபலெங்கா அடிக்கற வேகத்தையே வாங்கி அவளுக்கே எப்படித் திருப்பித் தர்றான்னு மட்டும் கவனிங்க.