ஸ்க்ரூ தலை மரத்தோடு மட்டமா உட்கார: கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வேங்கைச் சட்டத்தில் 8-ம் நம்பர் ஸ்க்ரூ ஏத்தினா தலைகிட்ட மரம் பிளந்துடுது.

பதில்: அந்த ஸ்க்ரூவின் தண்டு சுமார் 4.2 மி.மீ., தலை 8 மி.மீ. சொச்சம். இரண்டையும் வேங்கை தானா விட்டுக்கொடுக்காது தம்பி, இடம் பண்ணித் தரணும். இரண்டு சட்டத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடிச்சு, ஸ்க்ரூ நீளத்துக்கு 3 மி.மீ. ஓட்டை போடுங்க. அடுத்து அதே ஓட்டையை மையமா வெச்சு கவுன்டர்சிங்க் பிட்டால் (கூம்பு வடிவில் குழி பறிக்கிற பிட்) தலைக்குக் குழி. கடைசியா மேல் சட்டத்தின் ஓட்டையை மட்டும் 4.5 மி.மீ.க்கு அகலப்படுத்துங்க. 4.5-ஐ முதல்ல போட்டா கவுன்டர்சிங்க் பிட்டுக்குப் பிடிமானம் போயிடும். அதிர்ந்து குழி ஓரம் பல் பல்லா வரும். பிட்டை மெதுவா சுத்த விட்டு அழுத்திப் பிடிங்க.

மேல் சட்டத்தில் மரை கடிக்கவே கூடாது. கடிச்சா நடுவில் சந்து நிக்கும், எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. ஆழம் பார்க்க, ஸ்க்ரூவைக் கவிழ்த்துத் தலையைக் குழி வாயில் வைங்க. விளிம்பும் வாயும் ஒண்ணா இருந்தா போதும்.

ஜிப்சம் போர்டுக்கு விக்கிற கறுப்பு ஸ்க்ரூவை மட்டும் இதுக்கு எடுக்காதீங்க. வேங்கையில் முறிஞ்சு தண்டு உள்ளேயே தங்கிடும்.

கேள்வி: தனி பிட் எதுக்கு சார்? 10 மி.மீ. டிரில் பிட்டைக் காட்டினாலே குழி விழுதே.

பதில்: விழும், ஆனா கோணம் வேற. சாதாரண டிரில் முனை 118 டிகிரி, மில்லிமீட்டர் அளவு ஸ்க்ரூ தலை 90 டிகிரி. குழி தட்டையா இருக்கிறதால தலையின் கழுத்து மட்டும்தான் மரத்தைத் தொடும், விளிம்பைச் சுத்தி இடைவெளி. இன்னொண்ணு, ஏற்கெனவே ஓட்டை இருக்கிற இடத்தில் டிரில் பிட் தன்னைத்தானே உள்ளே இழுக்கும். ஆழம் கையில நிக்காது.

கேள்வி: எங்க ஊர் ஆசாரிங்க எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, நல்லாத்தானே நிக்குது?

பதில்: பைன் மாதிரி மெது மரத்தில் நிக்கும், ஒத்துக்கறேன். தலை மரத்தை நசுக்கித் தனக்கு இடம் பண்ணிக்கும், மேலே பட்டியும் பூசிடுவாங்க. தேக்கில், பாலிஷுக்கு விடற வேலையில், அந்த இடைவெளி வளையமா தெரியும்.

கேள்வி: நான் வாங்கின பிட்டில் 82 டிகிரின்னு இருக்கு. அது சரிதானே?

பதில்: அது அமெரிக்க ஸ்க்ரூ அளவு. 90 டிகிரி தலையை அதில் இறக்கினா விளிம்பு மட்டும் தொடும், கழுத்து அந்தரத்தில் நிக்கும். மரத்தில் ஓரளவு சமாளிக்கலாம். பித்தளைத் தகட்டில் தலை சரியா உட்காராது. அங்கே 90 டிகிரி பிட்தான் வேணும்.

கேள்வி: கதவு மூடினா திரும்பத் திறந்துக்குது. கீல் ஸ்க்ரூ துருத்தியிருக்கு. மரத்தில் குழி ஆழம் பண்ணவா?

பதில்: வேண்டாம். கீல் தகட்டிலேயே குழி இருக்கு. ஸ்க்ரூவுக்கு மரத்தில் போட்ட ஓட்டை மையம் விலகியிருக்கும். ஸ்க்ரூ சாஞ்சு தலையின் ஒரு பக்கம் மேலே நிக்குது, எதிர்த் தகடு அதில் இடிக்குது. பழைய ஓட்டையில் தேக்குக் குச்சியை ஃபெவிகால் தடவி அடிச்சு, காயவிட்டு, நடு மையத்தில் புதுசா துளைங்க. மூங்கில் குச்சி வைக்காதீங்க, பிட் வழுக்கி மறுபடி விலகும்.

கேள்வி: ஆணித்தலை தெரியாம இருக்க?

பதில்: தலை சின்னதா இருக்கிற ஆணியை வாங்கி, கடைசி 2 மி.மீ.யை நெயில் பஞ்ச் (தலைமேல் வெச்சுத் தட்டுற கூர் இரும்பு) வெச்சு இறக்குங்க. பஞ்ச் முனை ஆணித்தலையைவிடச் சின்னதா இருக்கணும், இல்லேன்னா மரத்தில் வட்டத் தழும்பு விழும். பெயின்ட் அடிக்கிறதுன்னா பிரைமருக்குப் பிறகு பட்டி. பாலிஷ்னா, ஃபெவிகாலில் மரத்தூள் குழைச்சு வைக்காதீங்க. பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது. பாலிஷ் முடிஞ்சதும் நிறம் சேர்ந்த மெழுகை அழுத்தி நிரப்புங்க.

கேள்வி: ஸ்க்ரூ ஏத்தினா மரம் பிளக்குது, என்ன பண்ணலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: 6 மி.மீ. ப்ளைவுட் பின்பலகைக்கு எவ்வளவு குழி?

பதில்: குழியே வேண்டாம். தலையின் அடிப்பக்கம் தட்டையா இருக்கிற (பேன் ஹெட்) ஸ்க்ரூ, வாஷரோட.

கேள்வி: கறுப்பு ஸ்க்ரூ கைவசம் நிறைய இருக்கு, கட்டிலுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. கட்டில் ஆடும், அந்த ஸ்க்ரூ வளையாம முறியும்.

கேள்வி: பித்தளை ஸ்க்ரூ தலை பாதியிலேயே அறுந்துடுதே?

பதில்: அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதல்ல ஏத்தி மரை வழியைப் பண்ணிட்டுக் கழட்டுங்க. பித்தளை ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு, கையால முடுக்குங்க. மெஷின் வேண்டாம்.