அப்சிந்த் என்றால் 'குடிக்க முடியாதது' என்றா பொருள்?

அன்புள்ள ஐயா,

அப்சிந்த் என்ற மதுவின் பெயருக்குக் கிரேக்கத்தில் 'குடிக்க முடியாதது' என்று பொருள் என ஒரு கட்டுரையில் வாசித்தேன். சரிதானா? வேதாகமத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் 'எட்டி' இதே செடிதான் என்கிறார் நண்பர். விளக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டும் சரியல்ல. முதலாவது, மிகப் பரவிவிட்ட பிழை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரேக்க 'அப்சிந்தியோன்' ஒரு செடியின் பெயர். சாம்பல் பூத்த இலையும் கடுங்கசப்பும் கொண்ட செடி. அந்தப் பெயர் லத்தீனில் 'அப்சிந்தியும்' ஆகி, பிரெஞ்சில் 'அப்சிந்த்' ஆனது. மது பிறந்ததோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் வால் த திராவேர் பள்ளத்தாக்கில். பிரெஞ்சில் இன்றும் செடிக்கும் மதுவுக்கும் ஒரே சொல்தான்.

நம் 'அநீதி'யில் போலவே கிரேக்கத்திலும் முன்னால் வரும் 'அ' எதிர்மறை. அதைக் கண்டதும் சொல்லை உடைத்துப் பொருள் சொல்லிவிட்டார்கள். ஆனால் சொல்லின் பின்பாதியைப் பாருங்கள்: கொரிந்து, லாபிரிந்த், ஹயாசிந்த் எல்லாவற்றிலும் அதே 'இந்த்'. இந்த ஈறு, கிரேக்கர்களுக்கு முன்பு அங்கே வழங்கிய ஏதோ ஒரு மொழியின் மிச்சம் என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. வேற்றுமொழிச் சொல்லைக் கிரேக்க இலக்கணத்தால் பிளந்தால் கிடைப்பது கற்பனைப் பொருள்தான்.

ஆங்கிலத்திலும் இதே கதை. இதே செடியின் பழம்பெயரான 'வெர்மோட்', புழுவும் மரமும் சேர்ந்த 'வர்ம்வுட்' எனத் திரிந்தது. அதன் ஜெர்மன் உறவான 'வெர்முட்'தான் 'வெர்மூத்' என்ற ஒயினின் பெயர்.

குடிக்க முடியாத கசப்பு செடியில் உண்டு, மதுவில் அவ்வளவு இல்லை. பிரான்சின் பொன்தார்லியே ஊரின் 19ஆம் நூற்றாண்டுச் செய்முறையில் 85 சதவீதச் சாராயம் 95 லிட்டருக்குக் காய்ந்த செடி 2.5 கிலோ, அனிஸ் விதை 5 கிலோ, பெருஞ்சீரகம் 5 கிலோ. ஊறவைத்து, 45 லிட்டர் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி வடிப்பார்கள். மணம் ஆவியோடு ஏறும். கசப்பைத் தரும் 'அப்சிந்தின்' என்ற வேதிப்பொருள் அடியிலேயே தங்கிவிடும். பச்சை நிறத்துக்கு வடித்ததில் ஒரு பகுதியை எடுத்து மறுபடி இலைகளை ஊறவைக்கிறார்கள். அதற்குக் கசப்பு குறைந்த சிறிய இனமான ஆர்ட்டிமீசியா பான்டிகா, ஹிஸ்ஸோப், மெலிஸ்ஸா ஆகிய மணமூலிகைகள்தான். இங்கே முதலில் சொன்ன கசப்புச் செடியையே போட்டாலோ, வடிக்காமல் வெறுமனே ஊறவைத்து விற்றாலோ வாயில் வைக்க முடியாது. 'குடிக்க முடியாதது' என்ற விளக்கம் நிலைத்ததற்கு அப்படிப்பட்ட மலிவுச் சரக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி எட்டி. வெளிப்படுத்தின விசேஷம் 8:11இல் விழும் நட்சத்திரத்தின் பெயர் கிரேக்க மூலத்தில் 'அப்சிந்தோஸ்'. தமிழில் 'எட்டி'. எட்டி மரம், விதையில் ஸ்ட்ரிக்னின் நஞ்சு உள்ளது, வேறு குடும்பம். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரின் தேர்வை நான் மதிக்கிறேன். 'எட்டி பழுத்தென்ன' என்று சொல்லிப் பழகிய காதுக்கு அந்தத் தண்ணீரின் கசப்பு உடனே எட்டுகிறது.

அப்சிந்த் செடியின் நெருங்கிய சொந்தத்தைப் பார்க்க வேண்டுமானால் பூக்கடைக்குப் போங்கள். கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து அதே ஆர்ட்டிமீசியா பேரினம்தான். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, பிறகு நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள்.