பச்சை மீனும் பித்தநாளப் புழுவும்: கேள்வி பதில்

கேள்வி: வேலை நிமித்தம் தாய்லாந்தில், கோன் கேனில் இருக்கிறேன். பச்சை ஆற்று மீனைக் கொத்தி எலுமிச்சைச் சாறு, மிளகாய்த்தூள், வறுத்த அரிசிப் பொடி போட்டு 'கோய் ப்ளா' என்று தருகிறார்கள். அந்தப் புளிப்பில் மீனில் இருக்கும் ஈரல் புழு செத்துவிடாதா?

பதில்: சாகாது. கெண்டைக் குடும்பத்து மீன்களின் சதைக்குள் குட்டிப்புழு ஒரு கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும். நம் இரைப்பை அமிலத்தையே தாண்டிப் போகிற கூடு அது, எலுமிச்சை எம்மாத்திரம்! கூடவே ஊற்றிக்கொள்ளும் சாராயமும் உதவாது. முழுக்க வேக வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தாலும் சாகும்; ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: ஈரல் புழு என்கிறார்கள், ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாயான பித்தநாளம் ஏன் கெடுகிறது?

பதில்: குடியிருப்பே அங்கேதான். சிறுகுடலில் கூட்டை விட்டு வெளியே வந்து, பித்தம் இறங்கும் வாசல் வழியாக எதிரேறி நாளத்துக்குள் புகுந்துவிடும். ஒரு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, இலை போன்ற தட்டைப்புழுதான். ஆனால் உறிஞ்சியால் நாளச் சுவரைக் கவ்விப் புண்ணாக்குகிறது. போதாததற்கு, செல்களைப் பெருகத் தூண்டும் கிரானுலின் என்ற புரதத்தையும் சுரக்கிறது. புண்ணாவதும் ஆறுவதுமாக வருடக்கணக்கில் போனால் சுவர் தடிக்கும், சுற்றிலும் தழும்பு கட்டும். சிலருக்கு அது பித்தநாளப் புற்றில் முடிகிறது. 1994லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை உறுதியான புற்றுக்காரணி என்று அறிவித்துவிட்டது. உலகிலேயே இந்தப் புற்று மிக அதிகமாக இருப்பது நீங்கள் இருக்கும் வடகிழக்குத் தாய்லாந்தில்தான்.

கேள்வி: எனக்கு வலி, காய்ச்சல் எதுவும் இல்லையே?

பதில்: பெரும்பாலோருக்கு இருக்காது. மலப் பரிசோதனையில் முட்டை தெரியும். மஞ்சள் காமாலை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். புற்றினால் வந்த காமாலை என்றால் நாள் கடந்திருக்கும்.

கேள்வி: வருடம் ஒருமுறை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட்டால்?

பதில்: இந்தக் கணக்குதான் அங்கே பலரைக் கெடுத்தது. பிராசிகுவான்டெல் புழுவைக் கொல்லும், சரி. அடுத்த வாரமே பச்சை மீன் தின்றால் மறுபடி தொற்றும். ஏற்கெனவே விழுந்த தழும்பை மாத்திரை அழிக்காது.

கேள்வி: நம்மூரில் ஆட்டு ஈரலை அறுக்கும்போது இலை மாதிரிப் புழு வருகிறதே, அதுவும் இதுதானா?

பதில்: இல்லை, அது ஃபேசியோலா என்ற வேறொரு ஈரல் புழு. மீனில் வராது, குளம் குட்டைக் கரைப் புல்லில் ஒட்டியிருந்து ஆடுமாடுகளுக்குத் தொற்றும். நீரில் வளரும் கீரையைப் பச்சையாகத் தின்றால் மனிதருக்கும் வரும். அதற்குப் பிராசிகுவான்டெல் சரிவர வேலை செய்யாது, டிரைக்ளாபென்டசோல் வேண்டும். வேகவைத்த ஈரலால் தொற்றாது. புழு நெளிகிற ஈரலைக் கடைக்காரர் தலையில் கட்டினால் மட்டும் வாங்காதீர்கள்.