ப்ளஸ் டூ வருஷத்துல படம், ஃப்ரெண்ட்ஸ்னு சுத்தினா அந்த வருஷம் வீணாப் போயிடுமா? உங்க அனுபவம் என்ன?

கேள்வி கேட்டவங்க, தம்பி இந்த வருஷம் ப்ளஸ் டூ, எந்நேரமும் படம், ஃப்ரெண்ட்ஸ்னே இருக்கான், கண்டிச்சு நிறுத்தணுமானு கீழ விளக்கமும் போட்டிருந்தாங்க. அந்தத் தம்பி மாதிரியே இருந்தவன் நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் தஞ்சாவூர், 2018-19 செட்டு. ப்ளஸ் ஒன்னுக்கே பப்ளிக் எக்ஸாம்னு முதன்முதலா கொண்டு வந்தப்போ எழுதினது நாங்கதான், 1200 மார்க்கை 600 ஆக்கினதும் எங்க செட்டுலேர்ந்துதான். எது எப்படி வரும்னு வாத்தியாருங்களுக்கே தெரியாது, நாங்க யார்கிட்ட போய்க் கேக்குறது. அந்த ப்ளஸ் ஒன் பரீட்சை நடந்த மார்ச், ஏப்ரல்ல பார்த்தா சினிமாக்காரங்க ஸ்டிரைக், ஒன்றரை மாசத்துக்கு மேல புதுப்படம் ஒண்ணுமே வரல. போஸ்டர் ஒட்டாத செவரு, பழைய படம் ஓடுற தியேட்டர், நாங்க கையில ஹால் டிக்கெட்டோட போறோம். பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தப்போ எங்களுக்கு இருந்த பசி சாதாரணப் பசி இல்ல.

நாங்க அஞ்சு பேரு. நான் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம், ஒருத்தன் கரந்தை, ஒருத்தன் வல்லம், ஒருத்தன் கீழவாசல், இன்னொருத்தன் ஒரத்தநாடு தாண்டி ஒரு கிராமம், டெய்லி கவர்மென்ட் பஸ்ல ஃப்ரீ பாஸ்ல வருவான். கீழவாசல்காரன கணக்குப்பிள்ளைனுதான் கூப்பிடுவோம், ஏன்னா படக் காசு அவன்கிட்டதான் இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு ரூபா, அவனோட பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல விழும். யாருகிட்டயாவது அன்னைக்கு இல்லனா மறுநாள் பத்து. ஒரத்தநாட்டுக்காரன் சில வாரம் மொத்தமாவே போட மாட்டான், கணக்குப்பிள்ளை அவன் பேர்ல தன் காசப் போட்டு நோட்டுல டிக் அடிச்சுடுவான், இது அவனுக்கே தெரியாது. எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

பிஸினா என்னனு அந்த வருஷம்தான் பார்த்தேன். காலையில ஆறு மணிக்கு மேத்ஸ் டியூஷன், எட்டரைக்கு ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ், சாயந்திரம் அஞ்சரை வரைக்கும் டெஸ்ட், அப்பறம் திரும்ப ஃபிசிக்ஸ் டியூஷன், சனிக்கிழமையும் ஸ்கூல். வாரத்துல எங்களுக்குனு இருந்தது ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு மூணு மணி நேரம், அதோட கவர்மென்ட் குடுத்த சைக்கிள தள்ளிக்கிட்டே பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்குற இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் தினமும் நடக்கும், ஒரத்தநாட்டுக்காரன பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் மத்தவன் சைக்கிள மிதிப்பான். பேச்சு எல்லாம் படம்தான். அந்த ஷாட்டுல கேமரா ஏன் அவன் முகத்துக்குப் போகாம கையில நின்னுச்சு, இண்டர்வெல்ல அங்க விட்டது சரியா, இப்படியே போகும், பஸ் கிளம்புறப்போ அவன் ஜன்னல்லேர்ந்து தலைய நீட்டி பாதி வாதத்த முடிச்சுட்டுப் போவான்.

அந்த வருஷம் படங்களுக்கும் நல்ல நேரம். செப்டம்பர் 28 பரியேறும் பெருமாள், அக்டோபர் 4 தொண்ணூத்தாறு, அடுத்த நாளே ராட்சசன், 17ஆம் தேதி வடசென்னை. மூணு வாரத்துல நாலு படம், ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த காசுக்கு ரெண்டுதான் பார்க்க முடியும். சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணினோம்.

பரியேறும் பெருமாள், சாதிக் கொடுமையப் பத்தின படம், காலாண்டு லீவுல பார்த்தோம். முடிஞ்சு வெளிய வந்து டீக்கடையில நிக்கிறோம், அஞ்சு பேரும் ஒண்ணும் பேசல, அப்படி நாங்க பேசாம இருந்ததே கிடையாது. அப்பறம் கரந்தைக்காரன் மெதுவா, அவங்க தாத்தா ஊர்ல இன்னும் எந்தத் தெருவுல செருப்பு போட்டு நடக்கக்கூடாதுங்கிறத சொன்னான். ஆறாவதுலேர்ந்து கூடப் படிக்கிறவன். அவன் எங்க நாலு பேர் வீட்டுலயும் சாப்பிட்டிருக்கான், நாங்க யாரும் ஒரு தடவை கூட அவன் வீட்டுக்குப் போனதில்லனு அந்த டீக்கடையில நிக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. யாரும் தடுத்து போகாம இல்ல, அப்படியே விட்டிருக்கோம், அதுதான் மனசப் பிசைஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போகல, அவன் வீட்டுக்குப் போனோம். அவங்க அம்மா மீன் குழம்பு வச்சிருந்தாங்க, "இவ்ளோ நாளா எங்கடா இருந்தீங்க எல்லாம்"னு கேட்டுக்கிட்டே பரிமாறுனாங்க. நான் குனிஞ்சு சாப்பிட்டேன்.

தொண்ணூத்தாறு அதுக்கும் அடுத்த ஞாயிறு. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச பசங்க கதை, நம்ம ஊரு ஸ்கிரீன்ல வந்தப்போ தியேட்டர் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. ஆனா அதுக்கு ஒரத்தநாட்டுக்காரன் வரல, வீட்டுல நாத்து வேலைனுட்டான். தீபாவளிக்கே, அதாவது ரிலீஸ் ஆகி 33ஆம் நாளே டிவில போட்டாங்க, அப்பவும் அவன் வீட்டுக்கு விருந்தாளி வந்து பாதியில சேனல மாத்திட்டாங்களாம். ஸ்கூலுக்கு வந்து அத ஒரு பெரிய துக்கமா சொன்னான். டேய் இண்டர்வெல்லுக்கு அப்பறம்தான்டா படமேனு வேற நாங்க ஏத்திவிட்டோம்.

பத்தே நாள்ல கஜா புயல் வந்துடுச்சு. நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி, வேதாரண்யம் பக்கம் கரை ஏறி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல வீசுன காத்தோட டெல்டா மேல நடந்து போச்சு. டவுன்ல எங்களுக்கு மரம் விழுந்தது, கரண்ட் இல்ல, அவ்ளோதான். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம்தான் தென்னை எல்லாம் படுத்துடுச்சு. அவன் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். ஸ்கூல் திறந்தும் அவன் வரல. தினமும் அந்த பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம், ஏத்திவிட ஆளு இல்லாம திரும்பி வந்தோம்.

25ஆம் தேதி ஞாயிறு, ஜாமெட்ரி பாக்ஸத் தொறந்து மெழுகுவத்தி, கொசுவத்தி, பிரெட்டு, தண்ணி கேனு எல்லாம் வாங்கிட்டு நாலு பேரும் பஸ் ஏறினோம். ரோட்டோரம் மரத்த எல்லாம் அறுத்து ஒதுக்கியிருந்தாங்க, அந்தப் பச்சை மரத்து வாசனை வழியெல்லாம் கூடவே வந்துச்சு. அவன் தோப்புல எழுபது சொச்சம் தென்னை, நின்னது ஒன்பது. வேரோட சாஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு கெடந்துச்சு, ஒவ்வொண்ணும் விழுந்த எடத்துல ஒரு கெணறு மாதிரி குழி. அவங்க அப்பா எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல, எளநி பறிச்சுக்க வேண்டியதில்ல, குனிஞ்சு எடுத்துக்குங்கப்பானு மட்டும் சொன்னாரு. ஒரு தென்னம்புள்ளைய வச்சா காய் பார்க்க அஞ்சாறு வருஷம் ஆகும்.

பகல் முழுக்க மட்டைய இழுத்துப் போட்டோம், ஓடு பிரிஞ்ச எடத்துல தார்ப்பாய் கட்டினோம். சாயந்திரம் கடைசி பஸ் போயிடுச்சு, அங்கயே தங்கிட்டோம். கரண்ட் கிடையாது, கம்பமே விழுந்து கெடக்கு. திண்ணையில ஒரு மெழுகுவத்தி, நாங்க அஞ்சு பேரு, அவன் அப்பத்தா, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க ரெண்டு. அவன் திடீர்னு, "டேய், அந்தப் படத்தோட மீதிக் கதையச் சொல்லுங்கடா"ன்னான்.

சொன்னோம். நான் ஆரம்பிச்சேன், அப்பத்தாவுக்குப் புரியணும்னு முதல்லேர்ந்தே ஆரம்பிச்சேன். ராமு தஞ்சாவூரு வழியா போறான், பழைய ஸ்கூலுக்குள்ள போயி பெஞ்சத் தொட்டுப் பார்க்குறான், அங்கேர்ந்து ஃப்ரெண்டுங்க எல்லாம் சென்னையில ஒண்ணு கூடுறாங்க, ஜானு சிங்கப்பூர்லேர்ந்து வருது. வல்லத்துக்காரன் வாயாலயே மியூசிக் போட்டான், வயலின் வர்ற எடத்துல மூக்க அடைச்சுக்கிட்டு இழுப்பான், புள்ளைங்களுக்கு சிரிப்பு தாங்கல. கரந்தைக்காரன் ஜானு வசனம், கணக்குப்பிள்ளை ராமு. சின்ன வயசுலேர்ந்து ராமு ஒரே ஒரு பாட்டத்தான் பாடச் சொல்லிக் கேப்பான், தளபதி படத்துல வர்ற யமுனை ஆற்றிலே, அந்தப் புள்ள அத மட்டும் பாடவே பாடாது, இருபது வருஷம் கழிச்சு அவன் வீட்டுல ராத்திரி கரண்ட் போறப்போ அந்த இருட்டுலதான் பாடும். இந்த எடத்துக்கு நாங்க வந்தப்போ யாரும் சொல்லாமலே கரந்தைக்காரன் மெழுகுவத்திய ஊதி அணைச்சுட்டான். மொத்த ஊரும் இருட்டு. அந்தப் பாட்ட அவன் பாடினான், அவன் பாடுவான்னே எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ரெண்டரை மணி நேரப் படத்த மூணு மணி நேரம் சொல்லியிருப்போம். கடைசியில ஜானு ஏர்போர்ட்ல கிளம்பிப் போனதும் அப்பத்தா ரொம்ப நேரம் பேசல. அப்பறம், "போயிடுச்சா அந்தப் புள்ள"ன்னு கேட்டுட்டு முந்தானையால கண்ணத் தொடச்சுது. அவங்க அப்பா உள்ள படுத்திருந்தாருனு நெனச்சோம், நிலைப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு.

நான் தியேட்டர்ல நூத்துக்கணக்குல படம் பார்த்திருக்கேன், அந்தத் திண்ணையில பார்த்த மாதிரி ஒண்ணு பார்க்கல.

ஜனவரி 10 பொங்கலுக்கு பேட்டயும் விஸ்வாசமும் ஒரே நாள். ரெண்டுக்கும் போகக் காசு இல்ல, அந்த வருஷம் ஜனவரி 1லேர்ந்து நூறு ரூபா வரைக்கும் உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18லேர்ந்து 12, அதுக்கு மேல 28லேர்ந்து 18னு குறைச்சாங்க, கணக்குப்பிள்ளை அதெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுதான்னு தீர்ப்பு சொல்லிட்டான். அந்த மாசக் கடைசியில டீச்சருங்க ஸ்டிரைக் வேற, 22லேர்ந்து 30 வரைக்கும் எங்க ஸ்கூல்ல பாதி கிளாஸ் நடக்கல. நாங்க பெரிய கோவில் பிரகாரத்துல நிழல் பார்த்து உக்காந்து படிச்சோம், நிழல் நகர நகர நாங்களும் நகருவோம். கஜாவுல ஒரத்தநாட்டுக்காரன் நோட்டெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு, ஒவ்வொருத்தரும் ஒரு சப்ஜெக்ட் அவனுக்கு எழுதிக் குடுத்தோம், எனக்கு கெமிஸ்ட்ரி விழுந்துச்சு. எழுதினதுல என் கெமிஸ்ட்ரிதான் தேறிச்சு.

கெமிஸ்ட்ரில கன்னிசாரோ வினைனு ஒண்ணு, அது அவன் மண்டையில ஏறவே இல்ல. நான் சொன்னேன், டேய் அண்ணன் தம்பி கதைடா இது. ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ரெண்டு பென்சால்டிஹைடு, ஒரே அச்சுல வார்த்த அண்ணன் தம்பி, அடர் காரம்னு ஒரு வில்லன் உள்ள வர்றான், ஒருத்தன் ஆக்சிஜனேற்றம் ஆகி பென்சாயிக் ஆசிட்டோட உப்பா போயிடுறான், இன்னொருத்தன் ஒடுக்கம் ஆகி பென்சைல் ஆல்கஹால் ஆயிடுறான். ஒருத்தன் கெட்டாத்தான் இன்னொருத்தன் நிக்க முடியும். அதே ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்துச்சுனா நீர்த்த காரத்துலயே ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு ஒண்ணாயிடுவாங்க, அது ஆல்டால். ஒரு தடவை சொன்னேன், அதுக்கப்பறம் அவன் மறக்கல.

மார்ச் 1 தமிழ், மார்ச் 19ல எல்லாம் முடிஞ்சுது. ஏப்ரல் 19 ரிசல்ட். நான் 481, கணக்குப்பிள்ளை எங்கள்ல டாப் 533, ஒரத்தநாட்டுக்காரன் 462, இன்னும் ரெண்டு பேரும் நடுவுல. அவன் மார்க்க பார்த்துத்தான் நாங்க அதிகமா கத்தினோம்.

உங்க தம்பி விஷயத்துக்கு வர்றேன். படம் பார்க்குறத நிறுத்தாதீங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன்ல தனியா பார்த்துட்டுக் காலையில கிளாஸ்ல தூங்குறான்னா அத மட்டும் பேசுங்க, ஃபோன நைட் நீங்க வாங்கி வச்சுக்குங்க, அதுல தப்பில்ல. வாரத்துக்கு ஒரு நாள் ஃப்ரெண்ட்ஸோட போறதுக்குக் காசு குடுத்து அனுப்புங்க. அவன் கூடப் போறவங்க பேரு, ஊரு, வீடு உங்களுக்குத் தெரியுமானு பாருங்க, தெரியாதுனா ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிடுங்க. பார்த்த படத்தோட கதைய அவன் வாயால ஒரு தடவை உங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுல அப்படி யாராவது கேட்டிருந்தா நான் எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பேன்.

நாங்க அஞ்சு பேரும் இப்ப அஞ்சு ஊர்ல இருக்கோம். போன பொங்கலுக்கு ஒரத்தநாட்டுக்குப் போனோம். கஜாவுக்கு அப்பறம் வச்ச தென்னம்புள்ளைங்க காய்க்க ஆரம்பிச்சிருக்கு, இந்தத் தடவை அவங்க அப்பா மரத்துலேர்ந்து பறிச்சுக் குடுத்தாரு. அப்பத்தாவுக்குக் காது கேக்கல, கண்ணும் சரியா தெரியல, என்னைக் கிட்டக்க இழுத்து கன்னத்தத் தடவிப் பார்த்துட்டு, "ஏந்தம்பி, அன்னைக்குக் கதை சொன்ன புள்ளதான நீயி, அந்த ஜானு அப்பறம் ஊருக்கு வந்துச்சா"ன்னு கேட்டுச்சு.

இன்னும் வரல அப்பத்தான்னேன்.